விலை மலிவான பழைய சின்ன கார் எவ்வளவு தூரம் நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது 8 முதல் 15 வருடம் ஆன, 1.0 முதல் 1.4 லிட்டர் வரையிலான பெட்ரோல் இன்ஜின் உள்ள சின்ன கார்கள். ஓடோமீட்டரில் 80,000 முதல் 1,80,000 கிலோமீட்டர் வரை காட்டும் வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் தனிக் கோளாறுகள் உண்டு. ஆனால் இந்த வகை வண்டிகள் நடுவழியில் நிற்கும் காரணங்கள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கீழே தரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

எந்தக் கம்பெனி வண்டி எடுத்தால் தொந்தரவு இருக்காது?

பத்து வருடம் தாண்டிய வண்டிக்குக் கம்பெனியின் பெயரைவிட, அதை வைத்திருந்தவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதே முக்கியம். இன்ஜினின் இரும்பும் அலுமினியமும் அவ்வளவு சீக்கிரம் தேயாது. முதலில் போவது ரப்பர், பிளாஸ்டிக், மாற்றாமல் விட்ட ஆயில், கூலன்ட். இவை ஓடிய தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஆன வருடத்தையும் பார்க்கின்றன.

அதனால்தான் 12 வருடத்தில் 35,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய வண்டியைக் கண்டு மயங்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் 2 கிலோமீட்டர் மட்டும் ஓடி நின்றால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஆயிலில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்து தங்கிவிடும். சைலன்சர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். 1,40,000 ஓடியிருந்தாலும் ஆயில் மாற்றிய பில், கூலன்ட் மாற்றிய பில், பெல்ட் மாற்றிய பில் மூன்றும் இருக்கும் வண்டி அதைவிட மேல். பில் இல்லாத வேலை நடக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

டர்போ இல்லாத இன்ஜின், டைமிங் செயின் (வால்வுகளை இன்ஜின் சுழற்சியோடு ஒத்து இயக்கும் சங்கிலி; பல இன்ஜின்களில் இதற்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட் இருக்கும்), கையால் போடும் கியர் மூன்றும் சேர்ந்தால் பழுதாகக்கூடிய பாகங்களே குறைவு. இரண்டு வண்டிகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் இந்தப் பக்கம் சாயலாம்.

ஓட்டிப் பார்க்கப் போகும்போது முதலில் எதைக் கவனிப்பது?

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். போன உடனே பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறும் வரை காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். பழைய வண்டியின் குறைகளில் பாதி, ஆறிய இன்ஜின் எழும் முதல் அரை நிமிடத்தில்தான் வெளிப்படும்.

சாவியைத் திருப்பி, இன்ஜினை எழுப்பாமல், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா என்று பாருங்கள். செக் இன்ஜின் விளக்கும் ஆயில் விளக்கும் அப்போது கட்டாயம் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆயில் விளக்கு ஓரிரு விநாடியில் அணைய வேண்டும். டைமிங் செயின் உள்ள இன்ஜினில் முதல் ஒரு விநாடி லேசாகச் சடசடத்தால் கவலை இல்லை. நாலைந்து விநாடி நீடித்தால் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் பலவீனம், அல்லது செயின் நீண்டுவிட்டது.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

நிறைய சொல்லலாம், ஆனால் புகை எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை மட்டும் குபுக்கென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் கெட்டியாகிவிட்டது. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மறுபடி அழுத்தும்போது வந்தாலும் அதே காரணம்தான். ஏற்றத்தில் அழுத்தி ஓட்டும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங். வால்வு சீல் மாற்றுவது நடுத்தர வேலை. ரிங் மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும்.

வெள்ளைப் புகை குளிர்ந்த காலையில் சில நிமிடம் வந்து மறைந்தால் வெறும் நீராவி. சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டும். மூன்றிலும் கொஞ்சம் பயம் குறைவானது இதுதான், பெரும்பாலும் ஒரு சென்சாரோ இன்ஜெக்டரோ காரணம்.

இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்று சரியாக எப்படி அளப்பது?

மட்டமான தரையில் நிறுத்துங்கள். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே தள்ளி, மறுபடி எடுத்துப் படியுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் ஆயில் குழாயின் சுவரில் இழுபட்டு உயரமாகக் காட்டும். குறைவாகக் காட்டும் பக்கமே உண்மை. மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவிட்டு, சரியாக 1,000 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில் அதே முறையில் படியுங்கள்.

பெரும்பாலான சின்ன இன்ஜின்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே இருப்பது முக்கால் முதல் ஒரு லிட்டர். 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி குறைந்தால் வயதுக்கு ஏற்றதுதான். 300 மில்லி குறைந்தால் மாதம் இருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். அரை லிட்டருக்கு மேல் போனால் ஆயிலோடு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெட ஆரம்பிக்கும்.

உறுதி செய்ய, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பொதுவாக 10 முதல் 14 பார் வரும். எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமே முக்கியம். அது 10 முதல் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள தகடு).

ஒரு விஷயம். ஆயில் விளக்கு என்பது அளவு குறைந்ததைச் சொல்லும் விளக்கு அல்ல, அழுத்தம் போய்விட்டதைச் சொல்லும் விளக்கு. அது எரிந்த பிறகு "பக்கத்தில்தானே, ஓட்டிப் போய்விடலாம்" என்று நினைத்து உருக்குலைந்த பேரிங்குகள் ஏராளம். உடனே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள்.

சூடாவதைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

மலிவான சின்ன காரை ஒரேயடியாக முடித்துவைப்பது பெரும்பாலும் சூடுதான். மற்ற கோளாறுகளில் ஒரு பாகம் போகும், மாற்றலாம். ஒரே ஒரு முறை கடுமையாகச் சூடேறினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். பல இன்ஜின்களில் ஹெட் மட்டத்தில் அனுமதிக்கப்படும் விலகல் 0.05 மில்லிமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டிய அளவு. அதைத் தாண்டினால் ஹெட்டைக் கழற்றி முகம் சீவ வேண்டும். அந்தச் செலவு சில சமயம் வண்டி விலைக்கே பக்கத்தில் வரும்.

இத்தனைக்கும் ஆரம்பக் காரணம் அற்பமாக இருக்கும். டார்ச் அடித்து, ஹோஸ்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூட்டை (தெர்மோஸ்டாட் என்பது சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) பாருங்கள். அதன் இணைப்பு விளிம்பில் உப்பு பூத்ததுபோல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு படலம் காய்ந்திருந்தால், கூலன்ட் அங்கே சொட்டுச் சொட்டாகக் கசிந்து சூட்டில் உலர்ந்திருக்கிறது. தரையில் ஒரு துளிகூட இருக்காது. ஆனால் பாட்டிலில் மாதம் அரை விரல்கடை குறையும். அந்தக் கூட்டையும் கேஸ்கெட்டையும் மாற்றுவது சின்ன வேலை. விட்டால் ஒருநாள் நெடுஞ்சாலையில் அது பிளக்கும்.

எப்போது சூடாகிறது என்பதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நெரிசலில் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன், அதன் ரிலே, அல்லது ஃபியூஸ். நெரிசலில் சரியாக இருந்து வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், அல்லது கூலன்ட் குறைவு. சூடே ஏறாமல் முள் கீழேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. இதனால் இன்ஜினுக்கு உடனடி ஆபத்து இல்லை, மைலேஜ் மட்டும் குறையும்.

வெப்ப முள்ளை முழுக்க நம்பக்கூடாது. பல வண்டிகளில் சுமார் 75 முதல் 105 டிகிரி வரை அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது அசையும்போது ஏற்கெனவே தாமதம். கூலன்ட் முழுதும் கொட்டிப்போனால் சென்சார் காற்றில் நின்று சூட்டைச் சரியாகக் காட்டாமலும் போகலாம். வண்டியின் கணினியில் உள்ள தகவலைப் படிக்கும் ஒரு எளிய ஓபிடி ஸ்கேனரை மாட்டினால் உண்மையான டிகிரி தெரியும்.

தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டலாமா?

வீடு போய்ச் சேர மட்டும். தண்ணீர் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் உள்ளிருந்து அரிக்கும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், ரேடியேட்டர் மூடி தேக்கும் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் சுமார் 128 டிகிரி வரை கொதிக்காது, தண்ணீர் 120லேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து அழுத்தம் நிற்காவிட்டால் இரண்டுமே அதற்கு முன்பே கொதிக்கும். அதனால் கூலன்ட் மாற்றும்போது மூடியையும் மாற்றிவிடுங்கள். வெவ்வேறு வகைக் கூலன்ட்டைக் கலக்க வேண்டாம். நிறம் ஒன்றாக இருப்பது வகை ஒன்று என்பதற்கு ஆதாரம் இல்லை.

கூலன்ட் மாற்றியபின் உள்ளே காற்று தங்குவதால்தான் பலருக்கு மறுநாளே சூடேறுகிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும் வரை மெதுவாக ஊற்றி மூடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். முழுக்க ஆறியபின் அளவைப் பார்த்து நிரப்புங்கள். மறுநாள் காலையும் ஒருமுறை பாருங்கள்.

ஓடும்போது முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். குறைந்தது 45 நிமிடம் மூடியில் கை வைக்க வேண்டாம். கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று வாங்குமுன் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆயில் மூடியின் அடியில் மோர் போன்ற நுரை, கூலன்ட் பாட்டிலில் எண்ணெய்ப் படலம், ஆறிய இன்ஜினிலும் மேல் ஹோஸ் கல்லாக இருப்பது, ஐடிலில் பாட்டிலில் விடாமல் குமிழி வருவது, எல்லாமே சந்தேகத்துக்குரியவை. மூடியடியில் மெல்லிய நுரை மட்டும் இருந்தால், குறைந்த தூரமே ஓடும் வண்டியாலும் வரலாம். பாட்டிலின் வாயில் வைத்துப் பார்க்கும் ஒரு நீல நிறத் திரவச் சோதனை உண்டு. எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். பத்து நிமிட வேலை. இதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும்?

கையேட்டில் இரண்டு கணக்கு இருக்கும்: 60,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஓர் எண், 5 முதல் 8 வருடத்துக்குள் இன்னோர் எண். எது முதலில் வருகிறதோ அதுதான். பில் இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதற்கு அர்த்தமில்லை. பெல்ட்டின் பலம் உள்ளே இருக்கும் இழைகளில், அது வெளியே தெரியாது.

பெல்ட்டை மட்டும் மாற்றாமல் டென்ஷனர், ஐட்லர், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப், பக்கத்து ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். கூலியில் பெரும்பங்கு பிரித்துப் பூட்டுவதற்குத்தான். புதுப் பெல்ட்டைப் பழைய டென்ஷனர் பேரிங் சிக்கி அறுப்பது உண்டு.

சில சின்ன இன்ஜின்களில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். அவற்றில் தவறான ஆயில் ஊற்றினாலோ தாமதமாக மாற்றினாலோ பெல்ட் ரப்பர் உதிர்ந்து ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆயில் தரத்தில் சமரசம் கூடாது.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஓட்டலாமா?

நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிக் கொண்டுபோய்க் காட்டலாம். விட்டுவிட்டு மின்னினால் நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்குகிறது என்று பொருள்.

ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு (கோடு) என்பது புகார், தீர்ப்பு அல்ல. பி 0420 (கன்வெர்ட்டர் திறன் குறைவு) வந்த உடனே கன்வெர்ட்டரை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் சைலன்சர் இணைப்பில் கசிவு இருக்கிறதா, பின் ஆக்சிஜன் சென்சார் சரியா, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) உண்டா என்று பார்க்க வேண்டும். பி 0171 என்றால் காற்று அதிகம். பெரும்பாலும் வெடித்த ஒரு வேக்யூம் குழாய்தான். பி 0301 முதல் 0304 வரை, கடைசி எண்ணே மிஸ் ஆகும் சிலிண்டர். அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில் போய்விட்டது. மாறாவிட்டால் பிளக், அடுத்து இன்ஜெக்டர், அடுத்து கம்ப்ரஷன்.

வாங்கும்போது ஸ்கேனரில் ஒரு கோடும் இல்லாததில் மகிழ்வதற்கு முன், "ரெடினஸ்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். வண்டியின் கணினி தானாகச் செய்யும் பல சோதனைகள் முடியாத நிலையில் இருந்தால், கோடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

சில நாள் ஸ்டார்ட் ஆகிறது, சில நாள் ஆவதில்லை. பேட்டரி மாற்றியும் தீரவில்லையே?

மல்டிமீட்டர் ஒன்று போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 இருந்தால் பாதி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை வர வேண்டும். வராவிட்டால் ஆல்டர்னேட்டர் அல்லது அதன் பெல்ட். இவை சரியாக இருந்தும் ஸ்டார்டர் மெல்லச் சுற்றினால் எர்த் வயரைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில் துரு. கழற்றித் தேய்த்து இறுக்கினால் பல சமயம் அத்தோடு முடிந்துவிடும்.

கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையை எப்படி அறிவது?

நான்காவது கியரில் 40 வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நியூட்ரலில் நிற்கும்போது பெடலை மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸ் பேரிங். முதலாவது கிளட்ச்சோடு சேர்ந்து தீரும். இரண்டாவது பெரிய செலவு.

சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் வண்டியில் அதற்கென்றே உள்ள ஆயிலை 40,000 முதல் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். "ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்" என்ற பேச்சை நம்பி ஓட்டிய வண்டியை மலிவு விலையில் வாங்குவது நல்லதல்ல.

அடியில் வரும் சத்தங்கள்?

சின்னப் பள்ளத்தில் டக் டக்கென்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க், மலிவான பாகம். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெல்ல நகரும்போது கடகடவென்றால் சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டு). சக்கரத்தின் உள்பக்கம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் அதன் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. சத்தம் வருமுன் பூட்டை மாற்றினால் ஜாயின்ட் பிழைக்கும். வேகத்தோடு ஏறும் முனகல், இடப்பக்கம் வளையும்போது கூடினால் வலது வீல் பேரிங், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது.

டயர் பக்கவாட்டில் டாட் எழுத்துகளோடு வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பட்டன் நிறைய இருந்தாலும் பத்து வருடம் ஆன டயர் குப்பைக்குத்தான்.

விபத்து, வெள்ளம், ஓடோமீட்டர் மோசடி?

கம்பெனிப் பெயின்டின் தடிமன் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான். தடிமன் அளக்கும் மீட்டரில் ஒரு கதவு மட்டும் 300க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி. வெளிப்பெயின்டைவிட உட்பகுதியே முக்கியம். முன்பக்க சேஸிஸ் நீட்சி, ஷாக் அப்சார்பர் மேல் கூடு, ஸ்டெப்னி குழி இவற்றில் சுருக்கமோ புது வெல்டிங்கோ இருந்தால் விட்டுவிடுங்கள்.

வெள்ளத்துக்கு, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு இருக்கும். 40,000 என்று காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எண் பொய்.

வாங்கிய முதல் மாதத்தில் என்ன செய்ய வேண்டும்?

வண்டி விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். முதல் வாரம் இன்ஜின் ஆயில், ஃபில்டர், கூலன்ட், ரேடியேட்டர் மூடி, தேவைப்பட்டால் டைமிங் பெல்ட். அடுத்து பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியதற்கு 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பிறகு ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், கியர் ஆயில் சுமார் 2 லிட்டர். கியர் ஆயில் மாற்றுபவர் முதலில் நிரப்பும் போல்ட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வடித்துவிட்டு நிரப்பும் போல்ட் சிக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

இத்தனையும் முடித்தபின் 1,000 கிலோமீட்டர் ஓட்டி ஆயில், கூலன்ட் இரண்டின் அளவையும் மறுபடி குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகே நீண்ட பயணம்.

எப்போது கைவிடுவது?

தேய்மானப் பாகங்களுக்கு எவ்வளவு செலவானாலும் அது நஷ்டம் அல்ல. கிளட்ச், ஷாக் அப்சார்பர், டயர் எல்லாம் சேர்ந்து வண்டி விலையில் பாதி வந்தாலும் அடுத்த ஐந்து வருடத்துக்கு உழைக்கும். மாறாக, ஷாக் அப்சார்பர் கூட்டிலோ பின் ஆக்சில் பிடிக்கும் இடத்திலோ துரு ஓட்டை போட்டிருந்தால், இன்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதில் குடும்பத்தை ஏற்றக்கூடாது. ரிங் தேய்ந்து, ஹெட்டும் வளைந்து, கியர்பாக்ஸும் முனகும் வண்டியில் மூன்றில் எதையும் தொடவேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் பேட்டரியையும் டயர்களையும் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை உடைக்கக் கொடுத்துவிடலாம்.